தண்ணீரில் மூழ்கியவரைத் தேடுவது: வட சென்னையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல், ஏரி, கால்வாய், கிணறு என்று எங்கே யார் மூழ்கினாலும் முங்கித் தேடி எடுத்துக் கொடுக்கும் தன்னார்வக் குழு எங்களுடையது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரை, மேற்கே புழல், ரெட்டேரி, மாதவரம், நடுவே பக்கிங்காம் கால்வாய். இதுதான் நாங்கள் சுற்றும் வட்டாரம். குழுவில் பெரும்பாலோர் மீனவர்கள். நான் முங்குகிறவன் இல்லை. கரையில் நின்று கயிறு பிடிப்பதும், குடும்பத்தாரோடு பேசுவதும், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வதும் என் வேலை. அதனால் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அந்த நேரத்தில் நிதானமாகப் பதில் சொல்லவும் முடிவதில்லை. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்க போலீஸா, ஃபயர் சர்வீஸா? யாரு நீங்க?

இரண்டும் இல்லை. மீன்பிடித் தொழில், வெல்டிங், ஆட்டோ என்று ஆளுக்கு ஒரு பிழைப்பு இருக்கிறது. போன் வந்தால் அதை விட்டுவிட்டு வருகிறோம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு நாங்கள் மாற்று இல்லை, பக்கத்துணை மட்டுமே. எந்த இடத்தில் இறங்குவதாக இருந்தாலும் அந்தப் பகுதி காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். ஏன் என்பது கீழே போஸ்ட்மார்ட்டம் பற்றிய கேள்வியில் வருகிறது.

என் தம்பி தண்ணில முழுகிட்டான்ணே. முதல்ல யாருக்கு போன் பண்றது?

112. அதுதான் முதல் எண். தீயணைப்புத் துறையை நேரடியாக அழைக்க 101, ஆம்புலன்ஸுக்கு 108. கடல் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. எங்களை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எங்கள் நம்பரைத் தேடிக் கொண்டிருக்கும் பத்து நிமிடம் ஒரு உயிரின் விலை.

போன் பண்ணுகிற ஆள் ஒருவர், இடம் பார்க்கிற ஆள் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தம்பியின் தலை கடைசியாக எங்கே தெரிந்ததோ அதைப் பார்த்தபடியே ஒருவர் நிற்கட்டும். அங்கிருந்து நகரவே வேண்டாம். அந்த நேர்கோட்டில் எதிரே என்ன தெரிகிறது? செல்போன் டவரா, பனைமரமா, நங்கூரம் போட்ட படகா? அதை மனதில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்தே போனில் ஒரு படம் எடுங்கள். வேறு இடத்திலிருந்து பார்த்த இன்னொருவர் இருந்தால் அவரும் அதேபோலச் செய்யட்டும். இரண்டு கோடும் தண்ணீரில் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் நாங்கள் முதலில் இறங்குவோம். கடலில் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க மீனவர்கள் கரையில் இரண்டு அடையாளம் வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதே கணக்குதான்.

கடைசியா பார்த்த இடம், கடைசியா பார்த்த இடம்னு ஏன் ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறீங்க?

எங்கள் வேலையில் பாதி அந்தப் பதில்தான். ஓடாத தண்ணீரில் மூழ்கியவர் ஏறக்குறைய நேர்கீழாகத்தான் இறங்குவார். 20 அடி ஆழம் என்றால், மறைந்த இடத்திலிருந்து சுற்றிலும் 20 அடிக்குள் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். புழல் ஏரி நிரம்பினால் ஆழம் 21.20 அடி. அந்த ஆழம் எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஏரியின் பரப்புதான் பயமுறுத்துகிறது. இடம் சரியாகத் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை, தெரியாவிட்டால் நாள் கணக்கு.

கரையில் கிடக்கும் செருப்பையும் சட்டையையும் காட்டி "இங்கதான் சார்" என்று சொல்வார்கள். அது அவர் இறங்கிய இடம்தான். மறைந்த இடம் அதிலிருந்து நூறு அடி தள்ளிக்கூட இருக்கலாம். அதனால் பார்த்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறோம். ஒன்றாக உட்கார்ந்து பேசினால் ஒருவர் சொன்னது மற்றவருக்கும் ஞாபகமாகிவிடுகிறது. நண்பர்களாகப் போன பையன்கள் பயத்தில் இடத்தை மாற்றிச் சொல்வதும் உண்டு. கூட வந்ததற்காக வீட்டில் அடி விழும் என்கிற பயம் அது. தம்பிகளா, உங்களை யாரும் திட்ட மாட்டார்கள், நான் பொறுப்பு. உண்மையான இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

முழுகிறவங்க மூணு தடவ மேல வருவாங்களாமே? அதுக்குள்ள புடிச்சிடலாம்னு சொல்றாங்க.

அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஒரு தடவைகூட மேலே வராமல் போனவர்கள் நிறைய. கையை ஆட்டிக் கத்துவார்கள் என்பதும் நம்ப வேண்டாம். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்து போகும்போது மூச்சு இழுக்கவே நேரம் போதாது, கத்துவது எப்படி? பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. விளையாடிக் கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே திரும்பிப் பாருங்கள்.

எவ்ளோ நேரம் வரைக்கும் உயிரோட இருக்க சான்ஸ் இருக்கு?

மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் 4 முதல் 6 நிமிடம் ஆனாலே சேதம் தொடங்கிவிடும். ஐஸ் போன்ற தண்ணீரில் நீண்ட நேரம் கழித்துப் பிழைத்தவர்கள் உலகில் உண்டு. நம் ஊர்த் தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது இல்லை, அந்த நம்பிக்கையை நான் கொடுக்க மாட்டேன். ஆனாலும் முதல் அரை மணி நேரம் நாங்கள் உயிரைத் தேடுவதாகவே நினைத்து இறங்குகிறோம். அதற்குள் எடுத்தால் நேரே முதலுதவிதான்.

வெளிய எடுத்ததும் தலைகீழா தொங்கவிட்டு, வயித்த அமுக்கி தண்ணிய எடுக்கணுமா?

வேண்டவே வேண்டாம். கரையில் கூட்டம் கூடிவிட்டால் பெரியவர் யாராவது வந்து வயிற்றில் ஏறி அமுக்கத்தான் பார்ப்பார். வயிற்றை அமுக்கினால் சாப்பிட்டது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தோளில் போட்டு ஓடுவது, தலைக்கு மேலே சுற்றுவது எல்லாமே நேரத்தைத் தின்னும் வேலை.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு இல்லாமல் போனது காற்றுதான். அதனால் மாரடைப்புக்குச் சொல்வதுபோல நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது. அப்புறம் நெஞ்சின் நடுவே 30 தடவை அழுத்தி 2 தடவை ஊதுங்கள், திரும்பவும் 30, திரும்பவும் 2. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. வரை அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது, ஆள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இருமி எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிக்கிட்டுத்தானே எறங்குறீங்க? அப்புறம் என்ன பயம்?

சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்சிஜன் இல்லை. நாம் இப்போது சுவாசிக்கிற காற்றையே 200 பார் அளவுக்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். தனி ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே விஷமாகி வலிப்பு வரும். ஆழம் குறைந்த இடத்தில் ஒரு சிலிண்டர் சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். பதற்றமும் உழைப்பும் சேர்ந்தால் பாதி நேரம்தான்.

எல்லா இடத்துக்கும் சிலிண்டர் தேவைப்படுவதும் இல்லை. பத்துப் பன்னிரண்டு அடித் தண்ணீரில் எங்கள் ஆட்கள் மூச்சடக்கியே முங்குவார்கள். அதில் ஒரு ஆபத்தை இளைஞர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். "மேலே போ" என்று உடம்புக்குச் சொல்வதே அந்த வாயுதான். அது சொல்லாமல் விட்டால், மூச்சு முட்டுகிற உணர்வே இல்லாமல் மயங்கிவிடுவீர்கள். நல்ல நீச்சல்காரர்கள் இப்படித்தான் இறக்கிறார்கள்.

கால்வாய்ல தண்ணி கறுப்பா இருக்கு. உள்ள போனா என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் வைத்த சொந்தக் கையே தெரியாது. டார்ச் அடித்தால் மிதக்கும் அழுக்கில் வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் திரும்பி வரும், அவ்வளவுதான். பல பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் தேடுகிறார்கள். கைதான் அங்கே கண்.

கடைசியாகப் பார்த்த இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, மேலே அடையாளத்துக்கு ஒரு மிதவை விடுவோம். முங்குகிறவர் குண்டோடு சேர்த்துக் கட்டிய இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடியில் படுத்தபடி ஒரு வட்டம் சுற்றுவார். ஒரு கை கயிற்றில், இன்னொரு கை சேற்றைத் தடவிக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கை நீளம் கயிறு கூட்டி அடுத்த சுற்று. ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே தொடாத இடம் இருக்கக் கூடாது. கால்வாய் போலக் குறுகலான இடத்தில் வட்டம் சரிவராது. இக்கரைக்கும் அக்கரைக்கும் அடியோடு கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி குறுக்கே போய்வந்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். கரையோடு பேச ஒரே வழி இடுப்பில் கட்டிய கயிறு. எங்கள் குழுவில் ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் கண்டேன். விடாமல் இழுத்தால் என்னை உடனே வெளியே எடு. அந்தக் கயிறு கையில் இருக்கும்போது யாராவது வந்து என்னிடம் பேசினால் நான் பதில் சொல்வதில்லை. தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள்.

கால்வாயின் அடியில் கண்ணாடி, கம்பி, பழைய வலை, மூட்டை மூட்டையாகக் குப்பை. சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை, காதில் சீழ் எல்லாம் வரும். டெட்டனஸ் ஊசி போடாதவரை நாங்கள் இறக்குவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியதே, அந்த மாதிரித் தண்ணீரில் முங்குவது உடம்புக்கும் கெடுதல், ரப்பர் சாமானுக்கும் கெடுதல். இவ்வளவுக்கும் நடுவே ஒரு ஆள் அடியில் தவழ்ந்து கொண்டிருக்கிறார் என்பதை, கரையில் நின்று "இன்னும் எவ்ளோ நேரம்யா?" என்று கத்துகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். குடும்பத்தாரைச் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சொல்கிறேன்.

பாதாளக் கரண்டி போட்டு இழுத்துடலாமே? எதுக்கு ஆள் முங்கணும்?

கிணற்றில் விழுந்த வாளிக்கு அது சரி. மனித உடம்பில் அந்தக் கொக்கி எங்கே மாட்டும், எப்படிக் கிழிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குடும்பத்தார் பார்க்கப் போகும் உடம்பு அது. பிரேதப் பரிசோதனையில் எது முன்பே இருந்த காயம், எது கொக்கி போட்ட காயம் என்ற குழப்பமும் வரும். ஆள் இறங்கவே முடியாத இடத்தில், போலீஸ் கேட்டுக்கொண்டால் மட்டுமே தொடுவோம்.

எங்க பசங்களுக்கும் நல்லா நீச்சல் தெரியும். சும்மா நிக்கிறதுக்கு அவங்களும் எறங்கட்டுமே?

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன், அப்பா, நண்பன் என்று அடுத்தடுத்துப் போன வீடுகளை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக் கீழே அழுத்துவார். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, அந்த நேரத்தில் உடம்பு அப்படித்தான் செய்யும். கண்ணெதிரே தத்தளிக்கிறார் என்றால் கரையிலிருந்தே கயிறு, மூங்கில், முடிச்சுப் போட்ட வேட்டி, மூடிய காலி வாட்டர் கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று ஒரு ஆளை மிதக்க வைக்கும்.

மறைந்துவிட்ட பிறகு இறங்கினால் இன்னொரு தொல்லை. நாலு பேர் அடிச் சேற்றைக் கலக்கிவிட்டால் கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் தெரியாமல் போகும். சேற்றில் கிடந்த உடம்பு இடம் மாறவும் செய்யும். அந்தப் பசங்களுக்குக் கரையில் வேலை இருக்கிறது. கூட்டத்தை விலக்குவது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது, இருட்டினால் விளக்கு பிடிப்பது, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காருவது.

ராத்திரியாச்சுன்னு ஏன் மேல வந்துட்டீங்க? இன்னும் கொஞ்ச நேரம் பாக்கக்கூடாதா?

இந்தக் கேள்விக்குக் குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்கு எப்போதுமே கஷ்டம். முன்னே சொன்னபடி அடியில் பகலும் இருட்டுதான், அதனால் முங்குகிறவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் மேலே. அவருக்கு ஒன்று ஆனால் இருட்டில் எங்களால் அவரைப் பார்க்க முடியாது. கடலில் படகுக்கும் அலைக்கும் நடுவே மாட்டினால் தெரியாது. அரை மணி நேரம் தாண்டி, உயிர் இருக்க வழியில்லை என்று ஆன பிறகு, இறந்தவருக்காக உயிரோடு இருக்கிறவரைப் பணயம் வைப்பதில்லை. மிதவையை அங்கேயே விட்டுவிட்டு, கரையில் இரண்டு பேரை இருக்கச் சொல்லிவிட்டு, விடியும் முன் வந்துவிடுவோம்.

மூணாம் நாள் தானா மிதக்கும்னு சொல்றாங்களே. அப்போ எதுக்கு முங்கித் தேடணும்?

மிதப்பது உண்மை. மூன்றாம் நாள் என்பது உறுதியில்லை. நுரையீரலில் தண்ணீர் புகுந்ததும் உடம்பு நீரைவிடச் சற்றே கனமாகி அடிக்குப் போகிறது. பிறகு குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வாயு சேர்ந்து மேலே தூக்குகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்தால் தாமதம். நம் பக்கம் கோடையில் ஒன்றிரண்டு நாளில் வருவதும் உண்டு, மழைக்காலத்தில் நாலைந்து நாள் ஆவதும் உண்டு. பேன்ட், பெல்ட், ஷூ, வலை, முள்செடி, சேறு எதிலாவது மாட்டிக்கொண்டால் மேலே வராமலும் போகலாம்.

முங்கி எடுப்பதற்குக் காரணம், மிதக்கும்வரை காத்திருந்தால் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதுதான். முதல் நாளே எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, குளிப்பாட்டி, எல்லாம் முறைப்படி செய்யலாம். அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகத்தான் எங்கள் ஆட்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

ஆம்பளைன்னா குப்புற, பொம்பளைன்னா மல்லாக்க மிதக்கும்கிறாங்களே?

கட்டுக்கதை. கையும் காலும் தலையும் கனமாகக் கீழே தொங்குவதால் பெரும்பாலும் யாராக இருந்தாலும் குப்புறத்தான் மிதப்பார்கள்.

காசிமேட்டுல முழுகினவரு எப்படி எண்ணூர்ல ஒதுங்கினாரு?

கடல் ஏரி மாதிரி இல்லை, "நேர்கீழே" என்று மேலே சொன்ன கணக்கு இங்கே முதல் சில மணி நேரத்துக்குத்தான். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. வருடம் முழுக்க மொத்தமாகப் பார்த்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே அதிகம். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்ததும் அதனால்தான். உடம்பும் அதே வழியில்தான் போகும். ஜூன், ஜூலையில் காசிமேட்டில் மறைந்தவரை நாங்கள் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்க் குப்பங்களில் சொல்லி வைக்கிறோம். நவம்பரில் துறைமுகச் சுவரின் வடபுறத்தை முதலில் பார்க்கிறோம். அதிகாலையில் கடலுக்குப் போகும் படகுகளுக்குச் சொல்லி வைப்பதுபோல வேறு எதுவும் பலன் தருவதில்லை.

அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளை ஒட்டி ஒருபோதும் குளிக்காதீர்கள். கல் சுவரில் மோதிய தண்ணீர் அதன் ஓரமாகவே கடலுக்குள் திரும்பி ஓடும். அலை குறைவாக, அமைதியாகத் தெரிகிற இடம் அதுதான், இழுக்கிற இடமும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தி எதிர்க்காதீர்கள். மிதந்தபடி, கல் இல்லாத பக்கமாகக் கரைக்கு இணையாக விலகி, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வாருங்கள். கல்லுக்கு நடுவே சிக்கியவரை எடுப்பதுதான் எங்கள் வேலையிலேயே ஆபத்தானது. ஒவ்வொரு அலையும் முங்குகிறவரையும் கல்லில் அடிக்கும்.

எண்ணூர் முகத்துவாரம் ஆழமே இல்லையே, அங்க ஏன் கிடைக்க மாட்டேங்குது?

ஆழம் இல்லை, ஓட்டம் உண்டு. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திக்கும் இடம். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போகும், வற்றத்தில் வெளியே இழுக்கும். காலையில் மூழ்கியவர் மதியத்துக்குள் இரண்டு திசையிலும் நகர்ந்திருக்கலாம். அதனால் அங்கே "எந்த இடம்" என்பதோடு "எத்தனை மணிக்கு" என்றும் கேட்கிறோம். மணி தெரிந்தால் அப்போது ஏற்றமா வற்றமா என்று மீனவர்கள் சொல்லிவிடுவார்கள். அடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் கால் வைத்தாலே புதைகிறது. முழங்கால் தண்ணீர்தானே என்று நண்டு பிடிக்க, குளிக்க இறங்குகிறவர்கள் அந்தப் பள்ளங்களில்தான் சிக்குகிறார்கள்.

குறி கேட்டோம், கெழக்குப் பக்கம் இருக்குன்னு சாமி சொல்லிடுச்சு. அங்க பாப்பீங்களா?

பார்ப்போம். கடைசியாகப் பார்த்த இடத்தைச் சுற்றித் தேடி முடித்த பிறகு கட்டாயம் பார்ப்போம். நம்பிக்கையோடு வாதாட அது நேரமில்லை. வரிசையை மட்டும் மாற்ற மாட்டோம்.

எவ்ளோ காசு தரணும் தம்பி?

ஒன்றும் வேண்டாம். கடலில் வெகுதூரம் தேட வேண்டியிருந்தால் படகுக்கு டீசல் ஊற்றினால் போதும், முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லிக் கரையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் போலீஸிடம் சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு சொம்பு வெந்நீரும் சூடான டீயும் யாராவது கொண்டுவந்து வைத்தால் அது பெரிய உதவி.

எடுத்ததும் அம்மா முகத்தப் பாக்கணும்னு அழுறாங்க. உடனே காட்டுவீங்களா?

காட்டுவோம், ஐந்து நிமிடம் கொடுங்கள். தண்ணீரிலிருந்து கரைக்கு வரும்போதே துணி போர்த்திவிடுவோம். முகத்தில் ஒட்டிய சேற்றை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். உடுத்தியிருந்த துணி, கையில் கட்டிய கயிறு, பாக்கெட்டில் இருப்பது எதையும் தொட மாட்டோம். முதலில் வீட்டில் திடமான ஒருவர் பார்த்து அடையாளம் சொல்லட்டும். நாலைந்து நாள் ஆகியிருந்தால் அவரிடம் நிலைமையை உள்ளபடி சொல்லிவிட்டு, அம்மா பார்க்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவோம். போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வருகிறவர்களை மட்டும் நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். கேட்கவில்லை என்றால் போலீஸை வைத்துத் தடுப்பேன்.

மொகத்துல காயம் இருக்கு. யாரோ அடிச்சுப் போட்டிருக்காங்களோன்னு சந்தேகமா இருக்கு.

சந்தேகப்படுவது உங்கள் உரிமை, அதைக் காவல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுங்கள். எங்கள் அனுபவத்தில், உதடு, கண் இமை, காது மடல் போன்ற மெல்லிய இடங்களில் இருக்கும் காயம் பெரும்பாலும் நண்டும் சிறு மீன்களும் கடித்தது. நெற்றி, முழங்கால், கைவிரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தால் குப்புறக் கிடந்து தரையிலும் கல்லிலும் உரசியது. உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருப்பது வெறுமனே தண்ணீரில் கிடந்ததால். ஆனால் எது எப்படி வந்தது என்று முடிவு சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. கழுத்தில், மணிக்கட்டில் தடம் ஏதாவது கண்ணில் பட்டால் எப்படிக் கிடந்தாரோ அதை அப்படியே போலீஸிடம் சொல்லுவோம். தற்கொலை என்று பேசுகிறவர்களுக்கும் இதுவேதான் பதில். நாங்கள் அப்படி ஒரு வார்த்தையைக் கரையில் சொல்வதே இல்லை. உங்கள் வீட்டில் மனம் உடைந்து பேசுகிறவர் யாராவது இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களா?

எழுதிக் கொடுத்துத் தவிர்த்துவிடலாம் என்று நம்பி உட்கார வேண்டாம். தண்ணீரில் இறப்பது சட்டப்படி இயற்கைக்கு மாறான மரணம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 194ஆவது பிரிவு. "கேஸ் போட்டுட்டாங்க" என்று பதறாதீர்கள், யார் மேலும் குற்றம் சொல்கிற கேஸ் இல்லை அது. காரணம் கண்டுபிடிக்கும் விசாரணை. மூழ்கி இறந்தாரா, இறந்த பிறகு தண்ணீருக்கு வந்தாரா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். அதற்காகத்தான் போலீஸுக்குச் சொல்லாமல் நாங்கள் இறங்குவதில்லை. இறந்தவர் திருமணமாகி 7 ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும்.

பிணவறையில் ஒரு இரவு கிடக்க வேண்டுமே என்ற வேதனை எல்லாருக்கும் இருக்கிறது. வெளிச்ச வசதி உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம், அழுகிய உடல் ஆகியவை அதில் வராது. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. சான்றிதழில் பெயர், ஊர், வயது ஆதாரில் உள்ளபடியே வருகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.

நானும் உங்ககூட சேரணும். எனக்கு ஆழத்துல முங்கத் தெரியும்.

வாருங்கள். முதல் வருடம் தண்ணீருக்குள் விட மாட்டோம், கயிறு பிடிக்க வேண்டும். கயிற்றில் வருகிற இழுப்பைப் புரிந்துகொள்ளாதவர் கீழே போனால் கரையில் இருப்பவரின் கஷ்டம் அவருக்குத் தெரியாது. முதலுதவி கற்றுக்கொள்ள வேண்டும். முறையான ஸ்கூபா பயிற்சி இல்லாமல் சிலிண்டர் தொடக் கூடாது. மீன்பிடிப் படகிலோ சிப்பி எடுக்கும் இடத்திலோ கம்ப்ரஸர் குழாயில் மூச்சு வாங்கிப் பழகியவர்கள் அதை இங்கே கொண்டுவர வேண்டாம். இன்ஜின் புகை அந்தக் குழாய் வழியே வந்தால் கார்பன் மோனாக்சைடில் மயங்குவதே தெரியாது.

முதல் தடவை கையில் தட்டுப்பட்ட பிறகு சில பேர் ஒரு வாரம் சாப்பிட மாட்டார்கள், தூங்க மாட்டார்கள். குழந்தை என்றால் எத்தனை வருடம் அனுபவம் இருந்தாலும் அதே கதைதான். அதை மறைக்கக் குடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். அதனால் ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கலைவோம். பேச வராதவரை அடுத்த தடவை இறக்குவதில்லை. குடித்துவிட்டு வந்தவரை எப்போதுமே இறக்குவதில்லை.

இத்தனை நாள் தேடியும் கிடைக்கலையேண்ணே. உடம்பே இல்லாம டெத் சர்ட்டிபிகேட் எப்படி வாங்குறது?

முழுகியதாகச் சொன்ன அன்றே காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போதாவது சேர்க்கச் சொல்லுங்கள். 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. எல்லாரும் 7 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. மூழ்கியதைக் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் அதை வைத்து முன்பே நீதிமன்றத்துக்குப் போகலாம். நாங்கள் தேடிய நாள், நேரம், இடம் எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம், கோர்ட்டுக்கு வரச் சொன்னாலும் வருவோம்.

கரையோரத்தில் வேறு ஸ்டேஷன் எல்லையில் அடையாளம் தெரியாத உடல் ஒதுங்கினால் உங்களுக்குத் தகவல் வராமல் போகலாம். அதனால் பழவேற்காடு வரை உள்ள காவல் நிலையங்களுக்கும், ஸ்டான்லி உள்ளிட்ட அரசு மருத்துவமனைப் பிணவறைகளுக்கும் போட்டோவும் உடை விவரமும் போக வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். அம்மா, அப்பா, பிள்ளைகளில் ஒருவர் டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கத் தயார் என்றும் எழுதிக் கொடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துத் தரும், எண் 15100. மனு போடுவது மனைவியோ அம்மாவோ என்றால் அங்கே வருமானச் சான்று கேட்க மாட்டார்கள், பெண்களுக்கு அந்த வரம்பு கிடையாது.